மாமா என்று எழுதிய கட்டம்

புத்தூர் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அலர்மேல்மங்கைக்கு ஒரு வழக்கம் உண்டு. மரபியல் பாடம் தொடங்கும் நாளில் மாணவர்களைத் தங்கள் குடும்ப வம்சப் படத்தை வரைந்து வரச் சொல்வார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பிள்ளைகள் நோட்டை நீட்டியதும் அவர் சதுரத்தையும் வட்டத்தையும் அப்புறம்தான் பார்ப்பார். எங்காவது ‘மாமா’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுவார். இருந்தால் தீர்ந்தது. “எந்த மாமா?” என்று பிடித்துக்கொள்வார். சரியான பதில் வரும்வரை விடமாட்டார். மேடத்துக்கு மாமா என்றாலே ஆகாது என்று பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும். ஓடட்டும். இப்போதெல்லாம் எச்சில் ஒரு துளி கொடுத்தால் போதும், யாருக்கு யார் என்ன உறவு என்று இயந்திரமே சொல்லிவிடுகிறது. வாயால் கேட்டு, கையால் எழுதி, பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்த காலத்தை அந்தப் பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் அவருக்கு இருபத்துமூன்று வயது. அந்த வயதுப் பெண்ணை ‘அவள்’ என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி மேலே போகலாம்.

மங்கையின் ஊர் ஆந்திர எல்லையில் உள்ள நகரி. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வேதாச்சலம் விசைத்தறி ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்குத் தெருவில் தறிகள் தொடங்கினால் இரவுச் சோறு வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி நகரிக்காரர்களுக்கு மெல்லப் பேசவே வராமல் போய்விட்டது. திருப்பதியில் எம்.எஸ்ஸி. சேர்ந்த முதல் வாரம் விடுதிப் பெண்கள் நாலு பேர் மங்கையின் அறைக்கு ஓடிவந்தார்கள், ஏதோ சண்டை என்று நினைத்து. அவள் வெந்நீர் தீர்ந்துவிட்டதா என்றுதான் பக்கத்து அறைக்காரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மரபியல் ஆய்வுக்கூடம் என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே போனால் அழுகிய வாழைப்பழ வாசம். பால் பாட்டில்களில் பழ ஈக்களை வளர்ப்பார்கள். ரவையும் வெல்லமும் காய்ச்சிய கூழ்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஈத்தர் காட்டி மயக்கி, வெள்ளை ஓட்டின் மேல் கொட்டி, மெல்லிய தூரிகையால் சிவப்புக் கண் ஒரு பக்கம், வெள்ளைக் கண் ஒரு பக்கம் என்று தள்ளி எண்ண வேண்டும். பாதி எண்ணும்போது மயக்கம் தெளிந்து பாதி பறந்துவிடும். கூடப் படித்த கிரண்குமார் பறந்துபோனவற்றையும் உத்தேசமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வான். புத்தகத்தில் உள்ள மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வகுப்பிலேயே அவனுக்கு மட்டும்தான் பிசகாமல் வரும். மங்கைக்கு வரவே வராது. இரண்டே முக்காலுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்குவாள். அந்த வெல்ல வாசம் துணியில் ஏறிக்கொண்டு விடுதிவரைக்கும் வரும். இன்றைக்கும் எங்காவது வெல்லம் காய்ச்சினால் மேடத்துக்கு ஒரு நிமிஷம் இருபத்துமூன்று வயது ஆகிவிடுகிறது.

நாடு கதவைத் திறந்துவிட்ட வருஷங்கள் அவை. திருப்பதியில் தெருவுக்கு இரண்டு எஸ்.டி.டி. பூத், மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர். கிரண்குமார் பரீட்சை எழுதின கையோடு ஹைதராபாத் போனான். ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தான். எட்டாவது மாதம் அமெரிக்காவிலிருந்து வாழ்த்து அட்டை அனுப்பினான். வகுப்பில் பாதிப் பேர் அவன் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். மங்கைக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்கு ஈயை விட்டுப் போக மனசு வரவில்லை. அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். போனால் உயிரியலைப் பிடித்துக்கொண்டேதான் வெளிநாடு போவேன் என்று விடுதியில் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் சுமித்ரா மேடம் ஓர் ஆய்வு தொடங்கினார். எல்லை ஓரத்துத் தமிழ்க் கிராமங்களில் உறவுக்குள் எவ்வளவு பேர் கல்யாணம் செய்கிறார்கள், அந்த வீடுகளில் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. தெலுங்கு மட்டும் தெரிந்த பிள்ளைகளை அனுப்பிப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் வந்து நின்று, “எவரிக்கி அரவம் வச்சு?” என்று கேட்டார். தெலுங்குக்காரர்கள் தமிழை அரவம் என்றுதான் சொல்வார்கள்.

“நாக்கு வச்சு மேடம்!” என்று மங்கை கையைத் தூக்கினாள். அந்தக் குரலுக்குப் பால் பாட்டில்கள் அதிர்ந்தன. தமிழ் எனக்கு வரும் என்று அவ்வளவு கர்வத்தோடு அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பிச்சாட்டூர், வரதய்யபாளையம் பக்கத்துச் சிற்றூர்கள். முன்னே ஒரு காணி நிலமும் இல்லாமல் பிறத்தியார் கழனியில் நாற்று நட்ட குடும்பங்கள். இப்போது பட்டா வந்து அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் பயிர் வைத்து, மீதி நாளில் கூலிக்குப் போகிறவர்கள். மங்கை தோளில் ரத்தக் குப்பிகள் வைத்த ஐஸ் பெட்டியோடு பேருந்தில் ஏறினால் கண்டக்டர், “குச்சி ஐஸ் இன்னா விலைம்மா?” என்று கேட்பார். கையில் தெலுங்கில் அச்சடித்த எட்டுப் பக்கப் படிவம். அதில் மூன்றாம் கேள்வி: கணவர் முறையில் என்ன வேண்டும்? பதிலுக்கு நாலு கட்டம். தாய்மாமன், பாவா, தூரத்து உறவு, அன்னியம். பாவா என்றால் அத்தை மகனோ மாமன் மகனோ.

மங்கைக்கு இதில் சந்தேகமே வரவில்லை. நகரியில் அவள் வீட்டில் மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர். முறைப்பையன் என்றால் பாவா. அம்மா நைனாவைக் கூப்பிடுவது, “இந்தா.” எல்லாம் தெளிவாக இருந்தது.

“உங்க வூட்டுக்காரரு உங்களுக்கு இன்னா வேணும்கா?” என்று கேட்பாள். அவள் குரலுக்கு ஒரு வீட்டில் கேட்டால் நாலு வீட்டில் பதில் வரும்.

“எங்க மாமாதான்.”

“எனக்கும் மாமாதான்!”

முதல் கட்டத்தில் ஒரு குறி. அடுத்த வீட்டுக்கு இன்னொரு குறி. மூன்று வருஷம் இப்படியே எழுதினாள். வரதய்யபாளையம் பக்கம் ஓர் ஊரில் பொறுக்க முடியாமல் பெண்களைக் கூட்டி வைத்து அறிவுரையே சொல்லிவிட்டாள்: “இனிமேவாச்சும் இந்த ஊர்ல பொண்ணுங்களை மாமனுக்குக் கட்டாதீங்க.” பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “பின்ன யாருக்குக் கட்றது, போலீசுக்கா?” என்று ஒருத்தி கேட்க, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. மங்கை அன்றைக்கு டைரியில் ‘அறியாமை’ என்று எழுதினாள். அறியாமை இருந்தது வாஸ்தவம்தான். யாரிடம் என்பதில்தான் பிசகு.

முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள் முடிந்தபோது நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் தாய்மாமனைக் கட்டியவர்கள் என்று வந்தது. சுமித்ரா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இவ்வளவு எங்குமே வந்ததில்லை என்றார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் இதே விஷயத்தை ஆராய்கிறவர்களுக்கு எழுதினார். அவர்களிடமிருந்து பதில் வந்தது: அந்தப் பெண்ணை உடனே அனுப்புங்கள், மூன்று வருஷம் இங்கே இருந்து ஆய்வை முடிக்கட்டும், தொண்ணூற்றேழு அக்டோபரில் சேர வேண்டும்.

கடிதத்தை மங்கை நகரியில் படித்துக் காட்டியபோது நைனா தறியை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலும் நிறுத்தினார்கள். தெரு அமைதியானதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அடுத்த தெருக்காரர்கள் பதறிக்கொண்டு வந்துவிட்டார்கள். நைனா சென்னைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்து, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் ‘மங்கை, இங்கிலாந்து’ என்று தன் கையாலேயே எழுதினார். அந்த இரண்டு மாதம் மாதிரி ஒரு சந்தோஷம் அந்த வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜூலையில் சில குப்பிகளில் ரத்தம் கெட்டுவிட்டதால் மறுபடி எடுத்துவர மங்கை வரதய்யபாளையம் பக்கம் போனாள். முதல் வீடு பாப்பாத்தியுடையது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டவள். அன்றைக்குப் புருஷன் நாகையாவும் வீட்டில் இருந்தான். படிவத்தில் அவன் பாப்பாத்திக்குத் தாய்மாமன். மங்கை ஊசியைப் பிரித்துக்கொண்டே பேச்சுக்குக் கேட்டாள்: “உங்க அக்கா எப்டி இருக்காங்கண்ணா?”

“அக்காவா?” என்று நாகையா விழித்தான். “நாக்கு அக்கா லேதே.” அவனுக்கு அக்காவே கிடையாதாம்.

“பாப்பாத்தியோட அம்மா உங்க அக்காதானே?”

“மாதி நெல்லூரம்மா. வாள்ளு அரவோள்ளு,” என்றான் அவன். நான் நெல்லூர்க்காரன், அவர்கள் தமிழர்கள் என்று அர்த்தம்.

மங்கை பாப்பாத்தியைப் பார்த்தாள். “எங்க மாமான்னு சொன்னியேம்மா?”

“ஆமா, மாமாதான். கம்பெனில பாத்து கட்டிக்கினேன்.”

“உங்கம்மா கூடப் பொறந்தவரு இல்லியா?”

“இன்னாக்கா நீ? கட்டிக்கின ஆம்பளைய மாமான்னு கூப்புடாம பேரு சொல்லியா கூப்புடுவாங்க?” என்றவளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அய்யய்யோ, அதான் அன்னிக்கு மாமனுக்குக் கட்டாதீங்கன்னு சொன்னியா? நாங்கூட இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே புடிக்காது போலன்னு நெனச்சிக்கினேன்!” அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மங்கை மட்டும் கையில் ஊசியோடு அப்படியே நின்றாள்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு பாப்பாத்திதான் வழி சொன்னாள். “மாமனான்னு கேக்காதக்கா. அவுங்க மாமியாருதான் அவுங்க அம்மாவையும் பெத்தவளான்னு கேளு. அப்ப தப்பவே தப்பாது.”

மங்கை அந்தத் தெருவிலேயே அப்படிக் கேட்டுப் பார்த்தாள். முதல் கட்டத்தில் குறி போட்டிருந்த பதினோரு பேரில் உண்மையில் தாய்மாமனைக் கட்டியவர்கள் இரண்டே பேர்.

திருப்பதி வரும்வரை பேருந்தில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இது பாப்பாத்திக்குத் தெரியும், தனக்குத் தெரியும். இங்கிலாந்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்டோபரில் விமானம் ஏறலாம். திறந்தால் முந்நூற்றுப் பதினெட்டு வீட்டையும் மறுபடி ஏறி இறங்க வேண்டும்; இடம் போய்விடும். நைனாவை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் ஒன்றும் மறைக்காமல் சுமித்ரா மேடத்திடம் சொன்னாள். மேடம் திட்டவில்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தெலுங்கில் மெல்லக் கேட்டார்: “நீ முதல்ல போய்ச் சேரு. போன பிறகு அங்கிருந்தே சரி பண்ணிக்கலாம். என்ன சொல்றே?”

“அங்கேர்ந்து யாரைப் போய்க் கேக்கறது மேடம்?” என்றாள் மங்கை.

மேடம் தாளை எடுத்தார். ஆய்வில் பிழை இருக்கிறது, திருத்த ஒரு வருஷம் ஆகும், காத்திருக்க முடியுமா என்று இங்கிலாந்துக்கு அவரே கைப்பட எழுதி மடித்துக் கொடுத்தார். தபால் பெட்டியில் போட்டது மங்கைதான். போட்டுவிட்டு ஈ அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நகரிக் குரல் அல்லவா, தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை.

நைனா இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டபோது, “ஒரே ஒரு வார்த்தைக்காவாம்மா?” என்று மட்டும் கேட்டார். அவள் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

இரண்டாம் சுற்று தொடங்கியது. மூன்று வருஷத்துக்குள் ஊர்கள் மாறிவிட்டிருந்தன. பல வீடுகளில் பூட்டு. கட்டட வேலைக்குச் சென்னை, பெங்களூர், கம்பெனிக்குக் கும்மிடிப்பூண்டி. மங்கை கும்மிடிப்பூண்டிக்கும் போய், ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று, “உன் மாமியாரு உங்கம்மாவப் பெத்தவளா?” என்று கேட்டாள். காவல்காரர் அவளைச் சித்தம் கலங்கினவள் என்றே நினைத்தார். இடையில் இங்கிலாந்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவள் எல்லா நலனும் பெற வாழ்த்துகிறார்களாம். தேடியும் கிடைக்காத இருபத்தேழு குடும்பங்களுக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். மற்றவர்களை எண்ணிப் பார்த்தால் நாற்பத்துநாலு வெறும் பதின்மூன்று ஆகியிருந்தது. எந்தப் பத்திரிகையும் ஓடிவந்து போட்டுக்கொள்ளும் எண்ணிக்கை அல்ல அது. அதை வைத்துத்தான் இரண்டாயிரத்தில் முனைவர் பட்டம் வாங்கினாள். பிறகு புத்தூரில் வேலை.

போகாததில் வருத்தம் உண்டா மேடம் என்று கேட்டால், “இல்லாம பின்ன?” என்பார் அலர்மேல்மங்கை இன்றைக்கும். ஒளித்துப் பேச அவருக்கு வராது. பனி கொட்டும் ஊர்ப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு பெருமூச்சு வரும். ஆனால் கேட்டவரை உட்காரவைத்து, கங்கம்மா வீட்டுக்கு இரண்டாம் தடவை போனதையும் சொல்லாமல் விடமாட்டார்.

பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் கங்கம்மா வீடு. முதல் சுற்றில் அந்த வீட்டுக்கு ‘அன்னியம்’ என்று குறி போட்டிருந்தது. ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அடுத்துப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் உயிரோடு இல்லை. அன்றைக்குப் பதில் சொன்னது கங்கம்மாவின் மாமியார். இந்தத் தடவை கங்கம்மா மட்டும் வாசலில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். மங்கையும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“ஆமா,” என்றாள் கங்கம்மா. “எங்கம்மாவப் பெத்த ஆயாதான் எனக்கு மாமியாரு. எங்கம்மாவோட கடைசித் தம்பிதான் அவுரு.”

“போன தபா அன்னியம்னு சொன்னாங்களே?”

“மாமனைக் கட்டினவங்களுக்கு ரேசன் கார்டு கெடையாதுன்னு எழுதற பொண்ணு சொல்லிக்கினு போச்சாம். அதான் ஆயா அப்டிச் சொல்லிடுச்சு. நீதானே அது?”

மங்கை அப்படிச் சொல்லவில்லை. வரதய்யபாளையத்தில் அவள் செய்த அறிவுரை பிச்சாட்டூர் வந்து சேர்வதற்குள் ரேஷன் கார்டாக வளர்ந்திருந்தது. “நாந்தான்க்கா,” என்று ஒத்துக்கொண்டாள். “தப்பா எழுதிக்கினு போயிட்டேன். அதான் மறுக்கா வந்தேன்.”

கங்கம்மா கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். இரண்டு பையன்களும் ஆறாம் மாதம் வெளுக்க ஆரம்பித்தார்கள். வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு வயது தாண்டவில்லை. “ஊர்ல என்னை இன்னான்னு சொல்றாங்க தெரியுமா? புள்ளைங்களைத் துன்னவளாம். எங்க ஆயாவே சொல்லுது.”

அந்த வெளுப்பு எதுவாக இருக்கும் என்று மங்கை படித்திருந்தாள். படிவத்தில் உறவு என்று இருந்திருந்தால் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்கே கேட்டிருப்பாள். புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேரையும் திருப்பதிக்கு ரத்தச் சோதனைக்குக் கூப்பிட்டாள். கங்கம்மாவின் புருஷன் பச்சையப்பன் வர மறுத்தான். “எனக்கின்னாத்துக்கு ஊசி? கோளாறு அவளுக்குத்தானே?” கடைசியில், வந்தது வந்தோம், மலையேறிச் சாமியும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை காட்டித்தான் இழுத்துவர முடிந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவை எடுத்துக்கொண்டு மங்கை மறுபடி அந்த வாசலுக்குப் போனாள். பச்சையப்பன் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கங்கம்மாவுக்கு அவள் விளக்கினாள். இது தலசீமியா என்று ஒரு ரத்த நோய். இதற்கான குறை இரண்டு பேர் ரத்தத்திலும் இருக்கிறது. ஒருத்தரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பேரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் இப்படி. பெரியவளுக்கு அது சேரவில்லை. ஒரே குடும்ப ரத்தமானதால் உங்கள் இருவருக்கும் இருந்திருக்கிறது. நாலில் ஒன்றுக்கு வரலாம். இனி பிள்ளை பெறுவதாக இருந்தால் முன்னாலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வழக்கம்போலச் சத்தமாகத்தான் சொன்னாள்.

கங்கம்மா கடைசிப் பேச்சைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. “அப்ப நான் ஒண்டி இல்லியா?” என்றாள்.

“இல்லக்கா. சரிபாதி.”

“பாதி அவுருதா?”

“பாதி அவருது.”

கங்கம்மா கொல்லைப் பக்கம் திரும்பினாள். அவள் அவ்வளவு பெரிய குரல் எடுத்து அந்தத் தெரு கேட்டதே இல்லை. “மாமா! மாமா, இங்க வா! பாதி உன்துதானாம் மாமா! நான் துன்னலையாம்!”

அண்டை வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பச்சையப்பன் வாளியோடு வந்து நின்றான். மங்கை நீட்டிய தாளை வாங்கி அவனால் படிக்க முடியாத எழுத்துகளை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

“ரெண்டு பசங்களுக்குமா?” என்று கேட்டான்.

“ரெண்டு பேருக்கும்ணா.”

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேர்க்கடலைக் குவியலுக்கு இந்தப் பக்கம், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.